மாடிக்கு மாடி ஃபைபர்: ஸ்டாக் ஸ்விட்சுகளுக்கு எந்த வேகம், எந்தக் கேபிள்?

சென்னையில் புதிதாக அலுவலகமோ ஸ்டூடியோவோ போடுகிறவர்கள், நெட்வொர்க் பேச்சு வந்ததும் முதலில் கேட்பது, "மாடிக்கு மாடி 10ஜி போதுமா, 25ஜி போட்டுடலாமா?" என்பதுதான். (10ஜி என்றால் நொடிக்கு 10 ஜிகாபிட்.) வேகத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கேபிளைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகளாக இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில், இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பேன். ஸ்விட்ச் ஆறேழு ஆண்டுகளில் மாறிவிடும். அதில் செருகும் ட்ரான்ஸீவரை (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் சிறு துண்டு) ஒரு மதியத்தில் மாற்றலாம். ஷாஃப்டுக்குள் இறக்கி, ஃபால்ஸ் சீலிங்கால் மூடிய கேபிள் அப்படியில்லை. அதைத் தொட வேண்டுமென்றால் தச்சர், பெயின்டர், பில்டிங் மேனேஜர் என்று எல்லோரிடமும் போய் நிற்க வேண்டும். அதனால் கேபிளை அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு யோசித்துப் போடுங்கள். வேகத்தை இன்றைய தேவைக்கு வாங்கினால் போதும்.

இதை விளக்க, சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோவில் செய்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் இப்படி நிறைய இடங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நான்கு மாடிக் கட்டடம். உள்ளே சாதாரண ஐடி அலுவலகத்தைவிடப் பல மடங்கு டேட்டா ஓடிக்கொண்டிருக்கும். இங்கே முதல் மாடியில் சர்வர் ரூமும் ஸ்டோரேஜும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு தரைத்தளத்தில் சர்வர் வைக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. இரண்டாவது மாடியில் எடிட் சூட்கள், மூன்றாவதில் டிஐ என்று சொல்கிற கலர் கிரேடிங், நான்காவதில் விஎஃப்எக்ஸ். ஒவ்வொரு மாடியிலும் ஒரு ரேக், அதில் மூன்று ஸ்விட்சுகளை ஒரே ஸ்விட்ச் போல இணைத்த ஒரு ஸ்டாக்.

அங்கே வந்த புகார் கலர் கிரேடிங் மாடியிலிருந்து. "சார், ப்ளே பண்ணா நடுநடுவுல ஃப்ரேம் டிராப் ஆகுது. டைரக்டர் பக்கத்துல உட்கார்ந்திருக்கார்" என்று கலரிஸ்ட் போனில் சொன்னார். எடிட் மாடியில் பிரச்சினை இல்லை. ஸ்டோரேஜ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு தங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று போய்விட்டார்கள். மாடிக்கு வரும் லிங்க் 10ஜி, பச்சை விளக்கு எரிகிறது. ட்ரான்ஸீவர் காட்டும் ஒளி அளவும் நன்றாகவே இருந்தது. ஆனால் போர்ட்டின் எர்ரர் கவுன்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, பெரிய ஃபைல் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தபோது சிஆர்சி எர்ரர், அதாவது சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

கட்டடத்தோடு கொடுத்த ஆவணத்தில் கேபிள் ஓஎம்3 என்று எழுதியிருந்தது. (ஓஎம் எண் என்பது மல்டிமோட் ஃபைபரின் தர வகை.) ரேக்கின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் கேபிள் ஆரஞ்சு நிறம். ஓஎம்3 பொதுவாக வெளிர்நீலப் பச்சையில் வரும். உறையைத் துணியால் துடைத்து, அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்தோம். 50/125, ஓஎம்2. அதே உறையில் மீட்டருக்கு ஒரு முறை ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும். சர்வர் ரூம் முனையில் 1212, மூன்றாவது மாடி முனையில் 1316. கழித்தால் 104 மீட்டர். நேராக அளந்தால் அந்தத் தூரம் நாற்பது மீட்டர்கூட வராது. ஆனால் கேபிள் நேராகப் போவதில்லை. லிஃப்ட் ஷாஃப்டைச் சுற்றி, காரிடார் சீலிங் வழியாக, இரண்டு முனையிலும் ரேக்குக்குப் பின்னால் சுருட்டி வைத்து, இப்படித்தான் வளர்ந்துவிடும். கட்டடத்துக்குள் ஃபைபர் நீளத்தை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உறையில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்.

10ஜி எஸ்ஆர் என்கிற 850 நானோமீட்டர் ட்ரான்ஸீவர் ஓஎம்2-வில் 82 மீட்டர் வரைதான் போகும் என்று தரநிலை சொல்கிறது. ஓஎம்3-ல் 300, ஓஎம்4-ல் 400. அதற்கும் பழைய 62.5 மைக்ரான் ஓஎம்1-ல் 33 மீட்டரோடு சரி. 104 மீட்டர் ஓஎம்2-வில் லிங்க் எழுந்து நிற்கும்; எழுந்து நின்றதனாலேயே யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. ஒளி அளவும் குறையவில்லை, ஏனென்றால் இது ஒளி குறைவதால் வரும் கோளாறு இல்லை. மல்டிமோட் ஃபைபரில் ஒளி பல பாதைகளில் போகிறது. ஒவ்வொரு பாதையும் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது ஒரு பிட்டும் அடுத்த பிட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீளம் கூடக் கூட, வேகம் கூடக் கூட இது மோசமாகும். 1ஜியில் அதே ஓஎம்2 550 மீட்டர் வரை போகும் என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும். பவர் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மல்டிமோட் லிங்கை "ஓகே" என்று கையெழுத்துப் போடுவது ஏன் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

எல்ஆர்எம் என்று ஒரு ட்ரான்ஸீவர் உண்டு. பழைய மல்டிமோடில் 220 மீட்டர் வரை 10ஜி கொண்டுபோகும். எல்லா ஸ்விட்சும் அதை ஏற்காது. ஏற்றாலும் 10ஜியோடு கதை முடிந்தது. வாடகைக் கட்டடத்தில் ஓராண்டை ஓட்ட வேண்டும் என்றால் சரி. சொந்தக் கட்டடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய கேபிள் என்று முடிவானதும், மல்டிமோடா, ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள்மோடா என்ற கேள்வி வந்தது. "நாலு மாடிக்கு எதுக்கு சார் சிங்கிள்மோட்? அது ஊருக்கு ஊர் போறதுக்கு" என்றார் ஸ்டூடியோவின் ஐடி பொறுப்பாளர். இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கிறேன். ஒரு காலத்தில் நியாயமான கேள்விதான், சிங்கிள்மோட் ட்ரான்ஸீவர் விலை அப்படி இருந்தது. 10ஜியில் இன்று மல்டிமோட் எஸ்ஆருக்கும் சிங்கிள்மோட் எல்ஆருக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. கண்ணாடி இழையைப் பொறுத்தவரை ஓஎஸ்2 சிங்கிள்மோட் கேபிள் ஓஎம்4-ஐவிட மலிவு. 25ஜியில் மட்டும் எல்ஆர் இன்னும் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஒரு மாடிக்கு இரண்டு லிங்க், நான்கு ட்ரான்ஸீவர் என்ற கணக்கில் அந்த வித்தியாசம் ஒரு கேபிளை மறுபடி இழுக்கும் செலவுக்குப் பக்கத்திலேயே வராது.

அவருக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கு இது. ஒரு லிங்கில் இரண்டு முனையிலும் எல்ஐயூ (இழைகள் வந்து முடியும் பெட்டி) இருக்கும், அங்கே ஆளுக்கொரு கனெக்டர் ஜோடி. தரநிலை ஒரு ஜோடிக்கு 0.75 டெசிபல் இழப்பு வரை அனுமதிக்கிறது, ஆக 1.5. பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள சிறு இழை) ஜாயிண்ட் இரண்டு, ஒன்றுக்கு 0.3 வரை அனுமதி, ஆக 0.6. இரண்டும் சேர்த்து 2.1. இதன்மேல் கேபிளின் சொந்த இழப்பு. 25ஜி எஸ்ஆர் ஓஎம்4-ல் 100 மீட்டருக்கு அனுமதிக்கும் மொத்த இழப்பே 1.9 டெசிபல்தான். ஓஎம்3 என்றால் தூரமும் 70 மீட்டராகக் குறைந்துவிடும். வேலை மிகச் சுத்தமாக இருந்தால் இழப்பு இந்த உச்ச அளவில் பாதிகூட வராது, லிங்க் நன்றாக ஓடும். ஆனால் தூசும் அவசரமும் உள்ள ஒரு சைட்டில் அந்த நம்பிக்கையின் மேல் கட்ட எனக்கு விருப்பமில்லை. சிங்கிள்மோட் எல்ஆரில் அனுமதி ஆறு டெசிபலுக்கு மேல். நூறு மீட்டர் ஓஎஸ்2-வின் சொந்த இழப்பு 0.04 டெசிபல், கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அதே ஒரு ஜோடி இழையில் இன்று 10ஜி, நாளை 25ஜி, தேவைப்பட்டால் 100ஜி. மாற வேண்டியது முனையில் இருக்கும் ட்ரான்ஸீவர் மட்டும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. தூரம் கூடுதல் என்றால் நல்லதுதானே என்று 40 கிலோமீட்டர் ஈஆர் ட்ரான்ஸீவரை வாங்கிவிட வேண்டாம். அது அனுப்பும் ஒளி மாடிக்கு மாடி தூரத்தில் எதிர்முனை ரிசீவருக்குத் தாங்காது. நடுவில் அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போட்டே தீர வேண்டும். எல்ஆருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது அனுப்பும் உச்ச ஒளியைக்கூட எதிர்முனை எல்ஆர் தாங்கும்படிதான் தரநிலை எழுதப்பட்டிருக்கிறது, எனவே இரண்டு மீட்டர் பேட்ச் கார்டில்கூட நேராக இணைக்கலாம்.

இப்போது ஸ்டாக். ஒரே ரேக்கில் மூன்று 48 போர்ட் ஸ்விட்சுகளை ஒன்றாக நிர்வகிக்க ஸ்டாக் செய்கிறோம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 போன்றவற்றில் இதற்கென்றே பின்பக்கம் தனிப் போர்ட் இருக்கிறது. அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் என்று தடித்த ஸ்டாக் கேபிள் வரும். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து திரும்ப ஒன்று என்று வளையமாக மூட வேண்டும். அந்தக் கடைசி கேபிளைப் போடாமல் விட்டாலும் எல்லாம் வேலை செய்யும், அதனால்தான் பல ரேக்குகளில் அது இல்லவே இல்லை. வளையம் மூடாத ஸ்டாக்கில் திறன் பாதியாகிவிடும். நடு ஸ்விட்ச் போனால் ஸ்டாக் இரண்டாக உடையும். பெட்டியில் 480 ஜிகாபிட் என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. வளையத்தின் எல்லாப் பாதைகளையும், ஒரே நேரத்தில் வெவ்வேறு பகுதிகளில் ஓடக்கூடிய டேட்டாவையும் சேர்த்து எண்ணிய எண் அது. ஆனாலும் ஒரு மாடியின் தேவைக்கு அது தாராளம். ஸ்டாக்குக்குள் நெரிசல் வந்து நான் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. நெரிசல் வருவது ஸ்டாக்கிலிருந்து, எல்லா மாடியும் வந்து சேரும் கோர் ஸ்விட்சுக்குப் போகும் லிங்கான அப்லிங்கில்தான்.

அரூபா சிஎக்ஸ் 6300 போன்றவற்றில் தனி ஸ்டாக் போர்ட் கிடையாது. முன்பக்கத்து நான்கு எஸ்எஃப்பி போர்ட்டுகளிலேயே ஸ்டாக்கும் செய்ய வேண்டும், அப்லிங்கும் எடுக்க வேண்டும். வளையத்துக்கு இரண்டு போனால் மிச்சம் இரண்டு. வாங்கும் முன் ஒரு தாளில் போர்ட்டுகளை வரைந்து பார்க்காமல், வந்திறங்கிய பிறகு "அப்லிங்குக்குப் போர்ட் இல்லையே" என்று தவிக்கும் இடங்கள் உண்டு. ஒரே ரேக்குக்குள் இந்த வளையத்துக்கு ஃபைபர் தேவையே இல்லை. டிஏசி என்கிற செப்பு கேபிள், ஒரு மீட்டரோ அரை மீட்டரோ, போதும். விலை குறைவு, சூடு குறைவு, துடைக்க வேண்டிய முனையும் இல்லை.

முன்பக்கப் போர்ட்டில் ஸ்டாக் செய்யும் வகையில் ஒரு ஆசை வரும். ஃபைபர்தானே, மாடிகளையும் சேர்த்து ஒரே ஸ்டாக்காக ஆக்கிவிடலாமே, ஒரே ஐபி, ஒரே பாஸ்வேர்டு. முடியும், தயாரிப்பாளர்களும் அனுமதிக்கிறார்கள். நான் செய்வதில்லை. மாடி யூபிஎஸ் ஒன்று பேட்டரி தீர்ந்து விழுந்தால் வளையம் அறுகிறது. அதே நேரத்தில் வேறொரு மாடியும் போனால் ஸ்டாக் இரண்டு துண்டாகி, இரண்டு துண்டும் நான்தான் தலைவன் என்று ஒரே ஐபியோடு நிற்கும். பிளவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றைத் தனியாக அமைக்க வேண்டும், பலர் அமைப்பதில்லை. அதைவிடப் பெரிய காரணம், சாஃப்ட்வேர் அப்கிரேடு செய்யும்போது பெரும்பாலும் முழு ஸ்டாக்கும் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகும். எடிட் மாடியை இரவில் நிறுத்தலாம், ரெண்டர் ஓடும் விஎஃப்எக்ஸ் மாடியை நிறுத்த முடியாது. மாடிக்கு ஒரு ஸ்டாக், ஸ்டாக்கிலிருந்து கோருக்கு இரண்டு லிங்க். அதுதான் நிம்மதி.

அந்த இரண்டு லிங்கும் ஸ்டாக்கின் இரண்டு வெவ்வேறு ஸ்விட்சிலிருந்து கிளம்ப வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் 9300 போன்றவற்றில் அப்லிங்க் மாட்யூல் தனி விலை என்பதால், மூன்று ஸ்விட்சுக்கு ஒரே மாட்யூல் வாங்கி, இரண்டு லிங்கையும் அதிலேயே செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஒரு ஸ்விட்சின் பவர் சப்ளை போனால் முழு மாடியும் போகும். இரண்டு ஸ்விட்சில் மாட்யூல் போட்டே ஆக வேண்டும். இழைகளும் இரண்டு வழியாகப் போக வேண்டும். ஒன்று லிஃப்ட் பக்கத்து ஷாஃப்டில், இன்னொன்று படிக்கட்டுப் பக்கத்தில். ஒரே ஷாஃப்டில் இரண்டு கேபிள் போட்டு ரிடண்டன்சி என்று எழுதினால், பிளம்பர் ஒருவர் ட்ரில் போடும்போது இரண்டும் சேர்ந்தே போகும். எலியும் அப்படியே. எங்கள் ஊர்க் கட்டட ஷாஃப்டுகளில் எலி இல்லாத இடம் அரிது. அதனால் உள்ளே போடுவதற்கும் ஸ்டீல் டேப் ஆர்மர் உள்ள கேபிளையே நான் கேட்கிறேன். ஆர்மருக்கு முறையாக எர்த் கொடுக்க வேண்டும்.

வேகத்துக்கு வருகிறேன். ஒரு சாதாரண அலுவலக மாடியில் மூன்று 48 போர்ட் ஸ்விட்ச், எல்லாமே 1ஜி என்றால் இரண்டு 10ஜி தாராளம். மின்னஞ்சலும் பிரவுசரும் வீடியோ காலும் ஒரே நொடியில் 144 போர்ட்டையும் நிரப்புவதில்லை. ஆனால் இந்த ஸ்டூடியோ அப்படியில்லை, கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். 4கே படத்தை சுருக்காமல் 10 பிட் டிபிஎக்ஸாக (ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஃபைல்) வைத்தால், 4096 பெருக்கல் 2160 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட். ஒரு ஃப்ரேம் 35.4 மெகாபைட். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 849 மெகாபைட், அதாவது 6.8 ஜிகாபிட். ஒரே ஒரு கலரிஸ்ட் ப்ளே பட்டனை அழுத்தினால் இவ்வளவு. எடிட்டருக்கு அவ்வளவு தேவையில்லை. 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ ஒரு ஸ்ட்ரீம் சுமார் 700 மெகாபிட்தான்.

இரண்டு 10ஜியை எல்ஏசிபி (பல லிங்குகளை ஒன்றாகக் கட்டும் முறை) மூலம் கட்டினால் 20ஜி கிடைத்துவிடும், இரண்டு கலரிஸ்டும் ஓட்டலாம் என்று அங்கே நினைத்திருந்தார்கள். எல்ஏசிபி ஒரு ஓட்டத்தைப் பிரித்து இரண்டு லிங்கிலும் அனுப்பாது. ஒரு பஸ் பாதி இந்தத் தெருவிலும் பாதி அந்தத் தெருவிலும் போக முடியாத மாதிரிதான். ஐபி, போர்ட் எண்களை வைத்து ஹேஷ் என்கிற ஒரு கணக்கைப் போட்டு, இந்த ஓட்டம் இந்த லிங்கில் என்று தீர்மானிக்கும். இரண்டு கலரிஸ்டின் ஓட்டமும் ஒரே லிங்கில் விழுந்தால் 13.6 ஜிகாபிட்டை 10ஜிக்குள் திணிக்க வேண்டும். பக்கத்து லிங்க் காலியாக நிற்கும். இன்று விழாது, நாளை விழும். இப்படி வந்து வந்து போகும் புகார்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. ஹேஷ் எதை வைத்துப் போடப்படுகிறது என்பதையும் பாருங்கள். சில ஸ்விட்சுகளில் அனுப்புபவரின் மேக் முகவரியை மட்டும் வைத்துப் போடும். கோர் ஸ்விட்ச் ரௌட்டிங் செய்தால் மாடிக்கு வரும் எல்லாப் பாக்கெட்டுக்கும் அந்த மேக் ஒன்றே, ஆக எல்லாமே ஒரே லிங்கில். ஐபியும் போர்ட் எண்ணும் சேர்ந்த ஹேஷுக்கு மாற்றினால் பாதி நோய் தீரும். ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி மல்டிசேனல் பயன்படுத்தினால் ஒரே கம்ப்யூட்டரே பல ஓட்டங்களைத் திறக்கும், அப்போது இரண்டு லிங்கும் நிறைய வாய்ப்பு கூடும். ஆனால் வாய்ப்பு மட்டும்தான்.

அதனால் இரண்டு 10ஜிக்கும் ஒரு 25ஜிக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரிய தனி ஓட்டங்கள் உள்ள இடத்தில் 25ஜி. 40ஜியைப் பற்றி யாராவது பேசினால் நான் தடுப்பேன். 40ஜி என்பது நான்கு 10ஜி பாதைகளைச் சேர்த்தது. மல்டிமோடில் எஸ்ஆர்4 போட எட்டு இழைகள், எம்பிஓ கனெக்டர் என்று கேபிளிங்கே மாறிவிடும். 25ஜி ஒரே பாதை, அதே எல்சி ஜோடி இழை. 25ஜி போர்ட் பெரும்பாலும் 10ஜி ட்ரான்ஸீவரையும் ஏற்கும், ஆகவே படிப்படியாக மாறலாம். (சில ஸ்விட்சுகளில் பக்கத்துப் பக்கத்து நான்கு போர்ட்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும், கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.)

கடைசியில் நாங்கள் செய்தது இது. எடிட் மாடிக்கு இரண்டு 10ஜி. ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொருவருக்கும் 2.5ஜி கொடுக்க வேண்டியிருந்த விஎஃப்எக்ஸ் மாடிக்கு இரண்டு 25ஜி. கலர் கிரேடிங் மாடியின் ஸ்டாக்குக்கு இரண்டு 10ஜியே போதும் என்று விட்டோம், ஏனென்றால் இரண்டு கிரேடிங் மெஷினையும் ஸ்டாக் வழியாகவே விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இழையைத் தனியாக எடுத்து, கோர் ஸ்விட்சின் 25ஜி போர்ட்டில் நேராகச் செருகினோம். மாடி முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் அப்லிங்கைப் பெரிதாக்குவதைவிட, அதிகம் சாப்பிடும் இரண்டு பேருக்குத் தனி வழி விடுவது மலிவு. இது முடிந்ததற்கு ஒரே காரணம், வழிக்கு 12 கோர் (இழை) வீதம் மாடிக்கு 24 கோர் போட்டிருந்தோம். ஆறு கோருக்கும் பன்னிரண்டு கோருக்கும் கேபிள் விலை வித்தியாசம் சிறிது, இழுக்கும் கூலி ஒன்றே. முதலில் ஆறு கோர் போதும் என்றுதான் அங்கேயும் கேட்டார்கள்.

25ஜி லிங்குகளில் இரண்டு உடனே எழவில்லை. கோர் ஸ்விட்ச் ஒரு தயாரிப்பு, மெஷினின் நெட்வொர்க் கார்டு இன்னொரு தயாரிப்பு. ஒளி இரண்டு பக்கமும் சரியாக வருகிறது, லிங்க் மட்டும் இல்லை. 25ஜியில் பிழை திருத்தும் எஃப்ஈசி என்று ஒன்று உண்டு, 10ஜியில் அது வேண்டியிருக்கவில்லை. ஒரு முனை ஆர்எஸ் வகையிலும் மறு முனை வேறு வகையிலும் இருந்தால் லிங்க் எழாது. 25ஜி எல்ஆருக்கு ஆர்எஸ்-எஃப்ஈசிதான். இரண்டு பக்கமும் அதையே கையால் வைத்ததும் எழுந்தது. ஒளி வந்தும் 25ஜி லிங்க் வரவில்லையென்றால் ட்ரான்ஸீவரை மாற்றி மாற்றிச் செருகுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சிங்கிள்மோட் போடுவதில் சென்னையில் ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு வீடு ஃபைபர் இன்டர்நெட் வந்த பிறகு ஸ்ப்ளைஸிங் (இழை ஒட்டும் வேலை) தெரிந்த தம்பிகள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள், அவர்கள் கை பழகியது சிங்கிள்மோடில்தான். அவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்டர்நெட் இணைப்பு வேலையில் பச்சை நிற ஏபிசி கனெக்டர் வழக்கம். அவர்கள் பையில் இருப்பதும் அந்த பிக்டெயில்தான். அதன் முகம் எட்டு டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டது. ஸ்விட்ச் ட்ரான்ஸீவருக்கு வேண்டியது நீல நிற யூபிசி. இரண்டையும் எதிரெதிரே செருகினால் முகத்தோடு முகம் பொருந்தாது, இழப்பு ஏறும், முகமும் கீறும். சைட்டில் ஒரு எல்ஐயூவில் பச்சை பிக்டெயில் எட்டு ஜாயிண்ட் ஆகியிருந்தது. "சார், லைட்டு வருது பாருங்க" என்றான் அந்தத் தம்பி. வரத்தான் வரும். பவர் மீட்டரில் மற்ற கோர்களோடு ஒப்பிட்டுக் காட்டியதும் அவனே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நீலம் போட்டான். நல்ல கை, மறுநாள் எடுத்த அளவில் ஜாயிண்ட் ஒன்றுகூட 0.1 டெசிபலைத் தாண்டவில்லை.

தூசு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மல்டிமோட் இழைக்குள் ஒளி போகும் மையம் 50 மைக்ரான், சிங்கிள்மோடில் 9. அதே தூசுத் துகள் சிங்கிள்மோடில் பாதி வழியையே அடைத்துவிடும். ஃபால்ஸ் சீலிங் வேலை நடக்கும் மாடியில் பிஓபி தூள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். கனெக்டர் மூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போவதை நான் அனுமதிப்பதில்லை. செருகும் ஒவ்வொரு முறையும் ஒன்-கிளிக் கிளீனரால் துடைக்க வேண்டும், புதிதாகப் பையைப் பிரித்த பேட்ச் கார்டாக இருந்தாலும். சட்டைத் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் படலம்தான் ஒட்டும். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அதில் அழுக்கு முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு யாரும் சொல்லாமலே துடைப்பார்கள்.

லிங்க் ஓட ஆரம்பித்த அன்றே ஒவ்வொரு ட்ரான்ஸீவரும் காட்டும் வாங்கும் ஒளி அளவைக் குறித்து வைக்க வேண்டும். 10ஜி எல்ஆரில் அனுப்பும் ஒளி மைனஸ் 8.2 முதல் 0.5 டிபிஎம் (ஒளி அளவின் அலகு) வரை இருக்கலாம். எனவே மைனஸ் 3 நல்லதா கெட்டதா என்பது அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. எதிர்முனை எவ்வளவு அனுப்புகிறது என்பதோடு கழித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த வித்தியாசம் இரண்டு டெசிபல் கூடியிருந்தால், லிங்க் இன்னும் பச்சையாக இருந்தாலும், போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது. டிராஃபிக் வரைபடத்தையும் ஐந்து நிமிட சராசரியில் பார்த்து ஏமாறக் கூடாது. கலரிஸ்ட் இருபது நொடி ப்ளே செய்து நிறுத்தினால் ஐந்து நிமிட சராசரியில் அது மேடாகக்கூடத் தெரியாது. போர்ட்டில் கழித்துக்கட்டப்பட்ட பாக்கெட்டுகளின் கவுன்டர்தான் அதைச் சொல்லும்.

வேலையைக் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. கேபிளின் வகை உறையில் அச்சாகியிருக்கும் வாசகத்தோடு போட்டோவாக வேண்டும், இரண்டு முனையின் மீட்டர் எண்ணோடு. எல்ஐயூவின் எந்தப் போர்ட் எங்கே போகிறது என்ற தாள் ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். பயன்படுத்தாத கோர்களையும் சேர்த்து எல்லாக் கோர்களுக்கும் அளவு வேண்டும். ஓடிடிஆர் (இழைக்குள் ஒளி அனுப்பி எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) எடுத்தால் லாஞ்ச் கேபிள் (கருவிக்கும் லிங்குக்கும் நடுவே இணைக்கும் நீள இழை) போட்டு, இரண்டு திசையிலிருந்தும், 1310, 1550 என இரண்டு அலைநீளத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். லாஞ்ச் கேபிள் இல்லையென்றால் நூறு மீட்டர் லிங்கில் முதல் கனெக்டரே கருவியின் கண்ணுக்குத் தெரியாது. 1550-ஐக் கேட்பது அந்த அலைநீளத்தில் ஓட்டுவதற்காக அல்ல; வளைவுகள் 1550-ல்தான் அதிகமாகத் தெரியும். 1310-ல் சரியாக இருக்கும் கோர் 1550-ல் மட்டும் இழப்பு கூட்டிக் காட்டினால், எங்கோ கேபிள் டையை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் அல்லது மூலையில் மடக்கியிருக்கிறார்கள். எத்தனையாவது மீட்டரில் என்பதையும் அதே வரைபடம் சொல்லிவிடும், சீலிங் மூடும் முன் ஏணி போட்டு அவிழ்த்துவிடலாம். சாலிகிராமத்தில் நான்காவது மாடி கேபிளில் அப்படி ஒரு இடம் 61-ஆவது மீட்டரில் இருந்தது, ஏசி டக்டுக்கு அடியில்.